கரிசல் தாகத்துக்கு ஐம்பது மதிப்பெண்

பியர் போட்டிகளில் நடுவர்களாக உட்காருகிறவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும். மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் எப்படி இறங்குகிறது என்பதற்கு 5, எல்லாம் சேர்ந்து எப்படி இருந்தது என்பதற்கு 10. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர் அமைப்பு வகுத்த கணக்கு இது. இன்று பல நாடுகளில் புழங்குகிறது. பெங்களூரின் மைக்ரோ ப்ரூவரிகளில் நண்பர்களோடு உட்கார்ந்து, சின்னச் சின்னக் கிளாஸ்களில் வரும் பியரை முகர்ந்து, உறிஞ்சி, வாதாடி எண் போட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒரு மடக்கை அவசரப்படாமல் குடிக்கக் கற்றுத் தருகிறது என்பதால் அந்தத் தாள்மேல் எனக்குப் பிரியம்.

விருதுநகர் பக்கம் மைக்ரோ ப்ரூவரி கிடையாது. ஆனால் குறைந்த அளவில் செய்வது, ஊர்த் தண்ணீரில் செய்வது, செய்தவரே எதிரே நின்று ஊற்றித் தருவது என்று அந்தத் தொழில் எதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறதோ, அதெல்லாம் இங்கே வெகுகாலமாக இருக்கிறது. கோலி சோடா, பன்னீர் சோடா, கம்பங்கூழ், நன்னாரி, பதநீர். இவற்றை எல்லோரும் குடிக்கிறோம். நின்று நிதானித்து மதிப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதை இவற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அதே தாளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து தெற்கே கிளம்பினேன்.

பியர் தாளில் சோடாவுக்கு மதிப்பெண் போடுவது பொருந்துமா என்று கேட்கலாம். சோடா பிறந்ததே பியர் தொட்டியின் மேல்தான். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், ஒரு மதுவடிக்கும் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. பாதிரியார், விஞ்ஞானி. நுரைத்துப் பொங்கும் தொட்டியின் மேலே கனமாகத் தங்கி நிற்கும் வாயுவைப் பார்த்து, ஒரு பாத்திரத் தண்ணீரை அதன்மேல் பிடித்தார். வாயு தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீர் நாக்கில் சுறுசுறுத்தது. 1772இல் அதன் செய்முறையை எழுதி வெளியிட்டார். 1783இல் ஜெனிவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். புளிப்பேறும் மாவிலிருந்து கிளம்பிய வாயுதான் இன்று சிலிண்டரில் அடைபட்டு விருதுநகர் கடைவீதியில் நிற்கிறது.

திருமங்கலத்தைத் தாண்டினால் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். கள்ளிக்குடிப் பக்கமெல்லாம் இருபுறமும் சீமைக்கருவேலம். நடுவே உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடக்கிறது. சில வெடிப்புகளுக்குள் கை நுழையும். மழை குறைந்த பூமி, வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதம். பேருந்தின் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. விருதுநகரில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது வத்தல் நெடி. வத்தல், மல்லி, உளுந்து, துவரை, நல்லெண்ணெய் என்று இந்த ஊர்ச் சந்தை விலை நாளிதழ்களில் தனியாகப் போடும் அளவுக்குப் பெரியது. தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைவீதியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். தும்மாமல் நடக்க ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடிகிறது.

அந்த நெடிக்கு நடுவில்தான் முதல் சோடா. தள்ளுவண்டி. ஈரச் சாக்கு போர்த்திய மரப்பெட்டி, அதற்குள் பச்சை கலந்த கண்ணாடி பாட்டில்கள் தலைகீழாக. கோலி பாட்டிலின் கழுத்தை இதற்கு முன் உற்றுப் பார்க்காதவர்கள் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். அதற்குக் கீழே கழுத்தைக் கிள்ளி விட்டதுபோல் இரண்டு பள்ளம். அதற்குள் ஓடும் ஒரு கண்ணாடிக் கோலி. லண்டன்காரரான ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம். மூடியே கிடையாது. தண்ணீரையும் வாயுவையும் ஏற்றி பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் கோலி வாய்க்கு வந்து சேரும். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே அதை ரப்பரோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கும். அடைபட்டிருப்பதே தன் அடைப்பைக் காவல் காக்கிறது. இதைவிடச் சிக்கனமான ஒரு மூடியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

வண்டிக்காரர் கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். டொப். கோலி உள்ளே விழுந்தது. பள்ளம் இருக்கும் பக்கம் கீழே வரும்படி பாட்டிலைச் சாய்த்துக் கொடுத்தார். மாற்றிப் பிடித்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும்.

"எப்பம் அண்ணாச்சி கேஸ் ஏத்துவீங்க?"

"விடியக்காலம்தான் தம்பி. தண்ணி குளுந்து கெடக்கும்போது ஏத்தணும். வெயில் ஏறிட்டா எம்புட்டு ஏத்துனாலும் பிடிக்காது. தொறந்த ஒடனே புஸ்ஸுனு போயிரும்."

ஆய்வுக்கூடமும் அதையே சொல்கிறது. 20 டிகிரித் தண்ணீர் கரைத்துக்கொள்ளும் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை, உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பியர் வடிப்பவர்கள் குளிர்த் தொட்டிக்குப் பணத்தைக் கொட்டுவது இதற்காகத்தான். இவர் விடியலை வைத்துச் சமாளிக்கிறார்.

தண்ணீரைப் பற்றியும் அவருக்கு அழுத்தமான கருத்து இருந்தது. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சுவை தட்டும். அதில் போட்டால் சோடா குடித்த பிறகு நாக்கில் ஒரு காரை நிற்கும் என்றார். பியரிலும் அப்படித்தான். செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீர் மென்மையானது, அதனால் அங்கே வெளிர் நிற பில்ஸ்னர் பிறந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊற்றில் ஜிப்சம் மிகுதி, அதனால் அந்த ஊர் பியரில் கசப்பு கூர்மையாக நிற்கும் என்பார்கள். பியருக்காவது மாவும் கசப்புப் பூவும் துணைக்கு உண்டு. வெறும் சோடாவில் தண்ணீரும் வாயுவும் தவிர ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால்தான் இதை முதலில் குடித்தேன். வாசனையில் ரப்பரின் சாயல் லேசாக, 5 கொடுத்தேன். தோற்றத்துக்கு முழு 3. சுவைக்கு 13. வாய்க்குள் இறங்கும் விதத்துக்கு முழு 5: குமிழ்கள் பொடிப் பொடியாக, கூட்டமாக வந்து தொண்டைவரை குத்திக்கொண்டே போகின்றன. மொத்தத்துக்கு 9. கூட்டினால் 35. ஒரு சிட்டிகை உப்பும் பாதி எலுமிச்சையும் சேர்ந்தால் 40க்குப் போகும். அப்போது அது வேறு பானம்.

பன்னீர் சோடா அந்தக் குத்தலையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வருகிறது. கல்யாண மண்டப வாசலில் தெளிப்பார்களே, அந்த வாசனை பாட்டிலைத் திறந்த கணத்திலேயே எழும்பி விடும். வாசனைக்கு 11 போட எனக்குத் தயக்கமில்லை. நான் முகர்ந்த பல விலையுயர்ந்த பியர்களுக்கு இதில் பாதி கூடக் கிடைத்ததில்லை. இனிப்பு ஒரு படி அதிகம். பாதி பாட்டிலுக்கு மேல் அது நாக்கை மூடிவிடுகிறது. 39. ஆரஞ்சு, பச்சை என்று வண்ணம் காட்டும் மற்ற கலர்களில் சர்க்கரையும் எசன்ஸும்தான் பேசுகின்றன. அவற்றுக்கு 22க்கு மேல் போட மனம் வரவில்லை. வண்ணத்தை மட்டும் நம்பிச் செய்த பியருக்கும் நான் அவ்வளவுதான் போடுவேன்.

இந்த ஊரில் சோடாவைப் பற்றிப் பேசிவிட்டு காளி மார்க்கைச் சொல்லாமல் போக முடியாது. 1916இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் இங்கே தொடங்கிய நிறுவனம். 1950களின் இறுதியில் அவர்கள் கொண்டுவந்த பவண்டோ தென்மாவட்டங்களில் தலைமுறைகளின் பானம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு, காது குத்துக்கு, பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு, ஊருக்கு வந்த மருமகனுக்கு என்று எத்தனை வீடுகளில் கடைக்கு ஆளனுப்பி அதை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். 1948 முதல் 1971 வரை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் விருந்தாளிக்கு நீட்ட ஒரு கிளாஸ் வேண்டும் என்றால் அதில் கலர்தான் இருக்க முடியும்.

பிறகு வந்ததுதான் உண்மையான சோதனை. 1977இல் நாட்டை விட்டுப் போன கோக கோலா 1993இல் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பெப்சி அதற்கு முன்பே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்ச் சோடாக் கம்பெனிகள் அந்தப் பத்தாண்டில் அடையாளம் தெரியாமல் போயின. பவண்டோ நின்றது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் தமுக்கத்திலும் கூடிய இளைஞர்களின் கோபம் வெளிநாட்டுக் குளிர்பானங்கள் பக்கமும் திரும்பியது. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நூறு வயதைத் தாண்டிய ஒரு விருதுநகர் நிறுவனத்தின் பானம் அன்று மாநிலம் முழுக்கத் தேடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனாலும் மதிப்பெண் என்று வந்தால் பாசம் குறுக்கே வரக் கூடாது. பவண்டோவைத் தனியாகக் குடித்தால் 36 போடுவேன். திராட்சை வாசனை முன்னால் வரும், பின்னால் கோலாவின் லேசான கசப்பு. வாயுவின் குத்தல் மென்மை. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவோடு குடித்தால் கணக்கே மாறுகிறது. இங்கே புரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு விடுவதில்லை. எண்ணெயில் மூழ்க விட்டு, ஓரம் மொறுமொறுவென்று சிவந்த பிறகு எடுக்கிறார்கள். தட்டில் நொறுக்கிப் போட்டு, மேலே காரமான சால்னா. எண்ணெய் நாக்கில் படர்ந்து, காரம் காதுவரை ஏறிய நேரத்தில் ஒரு மடக்கு பவண்டோ. குமிழ்கள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகின்றன, இனிப்பு காரத்தை அணைக்கிறது. பியரும் உணவும் பொருந்துவதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இந்தப் பொருத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாசனை 9, தோற்றம் 3, சுவை 15, இறக்கம் 4, மொத்தம் 9. ஆக 40.

மறுநாள் காலை, கூழ். தலைக்கு மேல் ஒரு பழைய குடை, எவர்சில்வர் அண்டா, சுற்றிலும் கிண்ணங்களில் மோர் மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்க் கீற்று, வறுத்த வத்தல். ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கெட்டியா வேணுமா, தண்ணியா வேணுமாய்யா?" என்றார். இந்தப் பயணத்தில் சுவைத்தவற்றில் பியருக்கு நேரடிச் சொந்தம் கம்பங்கூழ்தான். தானியம், தண்ணீர், ஓரிரவு. உடைத்த கம்பைக் கரைத்துப் புளிக்க வைத்து, காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, மறுநாள் மோர் விட்டுக் கரைக்கிறார்கள். பியரில் ஈஸ்ட் செய்யும் வேலையை இதில் பெரும்பாலும் தயிரைத் தோய்க்கும் வகை நுண்ணுயிர்கள் செய்கின்றன. அதனால் போதை வருவதில்லை, புளிப்பு வருகிறது.

ஜெர்மனியின் லைப்சிக் பக்கம் கோஸே என்று ஒரு பழைய பியர் உண்டு. கோதுமையில் செய்வது, புளிப்பானது. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். வழக்கொழிந்து போயிருந்ததை மீட்டெடுத்து, இப்போது உலகத்துச் சிறு ப்ரூவரிகளெல்லாம் அதைக் கொண்டாடுகின்றன. மல்லி மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும் விருதுநகரில் நின்று உப்புப் போட்ட புளித்த கம்பங்கூழைக் குடிக்கும்போது, அந்தக் கொண்டாட்டத்தில் பாதியாவது இதற்கு வரவேண்டாமா என்று தோன்றியது. தோற்றத்துக்கு 1தான், சாம்பல் பூத்த அந்த நிறத்துக்கு அதற்கு மேல் தர முடியாது. வாசனைக்கு 8. சுவைக்கு 17: முதலில் மோரின் புளிப்பு, அடுத்து கம்பின் மண்வாசம், கடைசியில் மோர் மிளகாயைக் கடித்ததும் ஒரு சுரீர். இறக்கத்துக்கு 4, மொத்தத்துக்கு 9. கூட்டினால் 39. வயிறும் நிறைந்துவிட்டது. அந்தத் தாளில் பசிக்கு ஒரு கட்டம் கிடையாது.

சிவகாசிப் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் விரல் நகங்களில் வெள்ளிப் பொடி. அலுமினியத் தூள், கழுவினாலும் சீக்கிரம் போகாது என்றார். திருத்தங்கலை நெருங்கும்போது வயல் இருக்க வேண்டிய இடங்களில், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி, சின்னச் சின்ன ஒற்றை அறைகள் தெரியத் தொடங்கும். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவாமலிருக்க அந்த இடைவெளி. திறந்த மேடைகளில் திரி செருகிய வெடிகள் வெயிலில் காய்கின்றன.

இந்த ஊரைப் பட்டாசு ஊராக்கியதும் அந்த வெயில்தான். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். விவசாயம் கைவிட்ட ஊரில், குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஈரமில்லாத காற்று ஒரு மூலதனமாக அமைந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம். மழை இல்லாத வானம் மூன்று தொழில்களையும் கொடுத்தது. கூடவே இந்தத் தாகத்தையும் கொடுத்தது. பருத்தித் துணி உடுத்தி, வெயில் இறங்கும் அறையில் குனிந்து உட்கார்ந்து, உராய்வுக்கும் பொறிக்கும் பயந்து பயந்து மருந்தை அடைக்கிறவர்கள் மதியத்தில் வெளியே வரும்போது, அவர்களுக்கு வேண்டியது என்னவென்று அந்த முகங்களைப் பார்த்தாலே தெரியும்.

பட்டாசு ஆலை வளாகத்துக்குள் அடுப்பு எரிய முடியாது. தேநீர் வெளியே கொதித்து, கேனில் வருகிறது. சோடாவுக்கும் மோருக்கும் கரைத்து வைத்த கூழுக்கும் நெருப்பு வேண்டாம். வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் இஞ்சிச் சோடா குடித்தேன். என்னோடு குடித்துக்கொண்டிருந்த பெண்கள், "ஜிஞ்சர்தான் நல்லது சார், மருந்து நெடிக்கு மூக்கைத் தொறந்து விடும்" என்றார்கள். உண்மைதான். இஞ்சி எசன்ஸோடு கொஞ்சம் நிஜ இஞ்சிச் சாறும் விடுகிறார் அந்தக் கடைக்காரர். காரம் தொண்டையில் தங்கி, மெதுவாக மேலே ஏறுகிறது. கூடவே காகிதத்தில் சாத்தூர்க் காராச்சேவு. மிளகும் பூண்டும் தூக்கலான சேவைக் கடித்து, அதன்மேல் இஞ்சிச் சோடாவை விட்டால் இரண்டு காரமும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. 37. சேவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 33.

அன்று மாலை சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டி வழியாகப் போனேன். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி அங்கே நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீயைக் கண்டு உதவி செய்ய ஓடிவந்த ஊர்க்காரர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் இந்த வட்டாரத்திலிருந்து அப்படிச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தீபாவளி இரவில் நாம் அண்ணாந்து பார்க்கும் பச்சையும் சிவப்பும் இங்கே யாரோ ஒருவர் கையால் அடைத்தவை. பச்சைக்குப் பயன்பட்ட பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. காற்றைப் பற்றி அக்கறை வந்ததில் சந்தோஷம். மருந்தை அடைக்கிற கைகளைப் பற்றியும் அதே அளவு அக்கறை வரவேண்டும். அந்த ஊரில் நான் தாளை வெளியே எடுக்கவில்லை.

நன்னாரிக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சிவகாசிப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் குடித்தேன். வேரின் வாசம் நன்றாக இருந்தது, எலுமிச்சை அதை அமுக்கிவிட்டது. 34.

கடைசியாக, இந்தப் பயணத்தின் முதல் பானம். காலக் கணக்கில் முதல். திருநெல்வேலித் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி வண்டிகளை ஓட்டிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், மாடு அவிழ்க்கவும் சரக்கைக் காக்கவும் வழிநெடுகப் பேட்டைகள் அமைத்தார்கள். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் எல்லாம் அப்படி வளர்ந்த வணிக ஊர்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துச் சேர்த்த பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில்தான் பின்னாளில் காமராஜர் படித்தார். அந்தக் கருப்பட்டி எல்லாம் பதநீராக ஒரு கலயத்தில் சொட்டியதுதான். சோடாக் கம்பெனிக்கும் தீப்பெட்டிக்கும் அச்சகத்துக்கும் முதல் பணம் வந்த வியாபாரத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் ஒரு பனைமரத்தடிக்கு வந்து சேர்வோம்.

சாத்தூரில் வைப்பாற்றைக் கடந்து, மணல் மட்டும் ஓடும் அந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, விடியலிலேயே ஒரு பனங்காட்டுக்குப் போய்விட்டேன். பனையேறும் பெரியவர் இடுப்பில் அருவாப்பெட்டியைக் கட்டியிருந்தார். ஆண்பனையை அலகு என்கிறார், பெண்பனையைப் பருவப்பனை என்கிறார். இரண்டிலும் பாளை சீவலாம். இளம்பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் இறுக்கி நசுக்கி, நாள் தவறாமல் மெல்லிசாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். ஒருநாள் விட்டாலும் பாளை காய்ந்துபோகும். சீவியது தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், மெலிந்தால் கண் திறக்காது. காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குகிறார். அவர் நெஞ்சிலும் முழங்கையிலும் மரத்தின் செதில் உரசிக் காய்த்துப் போயிருந்தது. அவர் பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. ஒருவர் பட்டாசு ஆலையில், ஒருவர் திருப்பூரில்.

"சுண்ணாம்பு எவ்வளவுங்கய்யா தடவுவீங்க?"

"அது கைக்கணக்கு. கொறஞ்சா பொங்கிரும். கூடுனா நாக்கு பொத்துரும்."

அந்தக் கைக்கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காற்றிலிருந்து விழும் ஈஸ்ட்டுக்கு வேலை ஓடாது. சொட்டுவது பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கிக் கள்ளாகிவிடும், பியரின் அளவுக்குப் போதை ஏறிவிடும். இந்த மண்ணின் பியர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது கள்தான். 1987 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. இங்கே அரசே டாஸ்மாக்கில் பியர் விற்கிறது, மரத்திலிருந்து சொட்டுவதை விற்றால் வழக்கு. மதுவால் நொடித்துப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆனாலும் ஆலைப் பியருக்கு இருக்கும் அனுமதி பனையேறிக்கு இல்லை என்பதை எந்த வழியிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தாளில் கள்ளுக்கு என்று எழுதிய வரிசையைக் காலியாகவே விட்டேன்.

பெரியவர் ஒரு குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுத்தார். கலயத்திலிருந்து ஊற்றினார். ஓரத்தில் இரண்டு தேனீ மிதந்ததை விரலால் எடுத்துப் போட்டார். பார்வைக்குப் பதநீர் ஒன்றும் பிரமாதமில்லை. கழுநீர் நிறம், தோற்றத்துக்கு 2. முகர்ந்தால் பச்சை ஓலையின் வாசமும் பாளையின் வாசமும் முன்னே வர, அடியில் சுண்ணாம்பின் ஈரமண் வாசனை. 11. குடித்தால் இனிப்பு, ஆனால் சர்க்கரையின் இனிப்பு இல்லை. நாக்கில் தங்காமல் நகர்ந்துபோகிறது. அதன் பின்னால் ஒரு உப்புக்கீற்று, அதற்கும் பின்னால் சுண்ணாம்பின் மெல்லிய கடிப்பு. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக வந்துபோகின்றன. பெரிய ப்ரூவரிகள் வருஷக்கணக்கில் தேடும் சமநிலை இது. சுவைக்கு 19. குமிழ் இல்லாததால் இறக்கத்துக்கு 4. மொத்தத்துக்கு யோசிக்காமல் 10. ஆக 46. பெங்களூரில் நான் போட்ட எந்தத் தாளிலும் இந்த எண் கிடையாது.

இரண்டாவது பட்டையில் பக்கத்திலிருந்த நுங்கை விரலால் நோண்டிப் போட்டுக் கொடுத்தார். நான் தாளைக் காட்டி, எதற்கு எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். சுவைக்கு ஏன் ஒன்று குறைத்தாய் என்று கேட்டார். சுண்ணாம்பு ஒரு பொட்டு தூக்கலோ என்று சொன்னேன். கலயத்தை வாங்கி உள்ளே விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ஆமா, இந்த மரத்துக் கலயத்துல ஒரு தடவு கூடித்தான் போச்சு. நாளைக்கு வா, சரிபண்ணி வைக்கேன்."

பதநீர் குடிக்கப் போகிறவர்கள் மாசிக்கும் ஆடிக்கும் இடையில் போங்கள். அந்த மாதங்களில்தான் பாளை வடியும். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு மீதியைக் கருப்பட்டிக்குக் காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடும் பக்குவத்தை அப்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். நெடுஞ்சாலையோரப் பந்தல்களில் பிளாஸ்டிக் குடத்தில் வைத்து விற்பதில் சிலர் தண்ணீரும் சாக்கரினும் கலந்துவிடுகிறார்கள். மரத்தடிக்கே போங்கள், ஓலைப் பட்டையில் கேளுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள்.